மேல்மாடி அறையில் கேட்ட வாக்கியம்

வருகிற திங்கட்கிழமை நீங்கள் இருவரும் என் மேசைக்கு வருகிறீர்கள். கூட்டம் கூட்டுவது, அறிக்கை எழுதுவது, யாருக்கு எப்போது கடிதம் போடுவது என்பதையெல்லாம் பொறுப்பாளர் சொல்லித்தருவார். அவற்றை நான் எழுதப்போவதில்லை.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. கத்தோலிக்கருக்கும் மற்றச் சபையாருக்கும் இடையில் சமாதானம் பேச நான்கு வருடம் நடந்துவிட்டு, இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது விலகுகிறேன். புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்து இந்தப் பந்தியை மூன்று தரம் அழித்திருக்கிறேன். தகுதி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் இதை உங்களுக்கு வேறு யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் இது அறிக்கையில் இல்லை.

நான் வெள்ளவத்தைச் சைவக் குடும்பம். அதனால்தான் என்னை எடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் ஒரே அளவு அந்நியம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு வேலை எதற்கு என்று இருக்கும். ஒரே வேதம், ஒரே சிலுவை, இதில் என்ன சண்டை என்பார்கள். எங்களிடம் வருவது வேதச் சண்டை அல்ல. ஒலிபெருக்கி, ஒழுங்கையில் நிறுத்தும் ஆட்டோ, சேமக்காலையில் யார் பக்கத்தில் யாரைப் புதைப்பது, யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்குப் போனாள் என்பவைதான் வரும்.

அந்நியமாக இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. முதல் மாதம் ஒரு கூட்டத்தில் கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர் இராயப்பர் சொன்னதை எடுத்துச் சொன்னார். மறுபக்கத்துப் போதகர் பேதுரு சொன்னதை எடுத்துச் சொன்னார். இரண்டையும் கவனமாக எழுதிக்கொண்டு, "இராயப்பரின் கருத்தும் பேதுருவின் கருத்தும் வேறுபடுவதால் அடுத்த கூட்டத்தில் ஆராயலாம்" என்று அறிக்கையை வாசித்தேன். கூடம் முழுக்கச் சிரித்தது. இரண்டும் ஒரே ஆள். ஒரு பக்கத்தார் பழைய தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், மறுபக்கத்தார் இன்னொன்று. அன்றிலிருந்து நான் இரண்டு பக்கத்துச் சொற்களையும் படிக்கத் தொடங்கினேன். அது நல்ல பழக்கம் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை. மேல்மாடி அறையில் ஜெசிந்தா, அவள் கணவன் சாம், எட்டு மாதப் பையன் ஆரோன். கீழே ஜெசிந்தாவின் பெரியம்மா. தாய் இறந்த பிறகு ஜெசிந்தாவை வளர்த்தவர் அவர்தான், வீடும் அவருடையது. பெரியம்மாவும் ஜெசிந்தாவும் கத்தோலிக்கர். சாமின் தகப்பன் ஒருகொடவத்தையில் ஒரு சிறிய ஜெபக்கூடம் நடத்தும் பாஸ்டர்.

பிள்ளை ஒரு வயது தாண்டுமுன் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் பிடிவாதம். அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை, அவன் வளர்ந்து விசுவாசித்து அவனாகவே கேட்டு எடுக்கவேண்டும் என்பது பாஸ்டரின் கொள்கை. ஆரோன் என்ற பெயரில் ஒத்துப்போகவே இவர்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

எங்கள் கூட்டங்களில் ஒரு விதி உண்டு. பதில் சொல்லுமுன், மற்றவர் சொன்னதை அவர் ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லவேண்டும். பெரியம்மாவும் சாமும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. என்னைப் பார்த்துத்தான் கதைப்பார்கள்.

"உங்கட ஜெபக்கூடத்தில ஞாயிற்றுக்கிழமை போடுற சத்தத்துக்கு, ஆவி இறங்குதோ இல்லையோ, செத்தவன் எழும்புவான் எண்டு சொல்லும் பிள்ளை" என்பார் பெரியம்மா.

சாம் என்னைப் பார்த்துத் திருப்பிச் சொல்வான். "எங்க சத்தத்துக்குச் செத்தவங்க எழும்புவாங்கன்னு அன்ரி சொல்றாங்க. நன்றின்னு சொல்லுங்க மிஸ். அன்ரி வீட்டு மாதா சுரூபத்துக்குக் காது கேக்காது, அதனால அதுக்குத் தொந்தரவில்லை."

"என்ர சுரூபத்துக்கு காது கேக்கும். மரியாதைக்காகப் பேசாம நிக்குது."

மூன்று மாதத்தில் ஒரு இணக்கத்துக்கு வந்தோம். என் கையால் எழுதினேன். பிள்ளை தானாகக் கேட்கும் வயது வரும்வரை ஞானஸ்நானமும் இல்லை, ஜெபக்கூடத்தில் பிள்ளையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிரதிஷ்டையும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் பிள்ளையைப் பார்க்கலாம். ஒருவரும் களவாக எதுவும் செய்வதில்லை. கையெழுத்து வைக்கும்போது சாம் ஒன்று சொன்னான். அவன் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு துளி தண்ணி பிள்ளை தலையில பட்டா, அன்னைக்கே அப்பா வீட்டுக்குப் போயிருவேன் மிஸ். பிள்ளையோட. ஜெசி வாறதுன்னா வரட்டும்."

ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை. வளர்த்தவரா, பிள்ளையா என்று ஒருநாள் தன்னைக் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி வராமல் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அந்த மேல்மாடி அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். ஆரோன் பின்னேரம் மூன்று மணி அளவில் விளையாட்டை நிறுத்திவிட்டு, அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் இருக்கும் வெறும் சுவரைப் பார்ப்பான். அழமாட்டான். கண் மெல்ல மேலே போகும், கீழே வரும், யாரோ குனிந்து நிமிர்வதைப் பார்ப்பதுபோல. ஜெசிந்தா இதை எனக்குச் சொன்னபோது, இந்த வயதில் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள், என் மகளும் பார்ப்பாள் என்றேன்.

"வெளிச்சமே இல்லாத நாளிலயும் பாக்கிறான் அக்கா."

பெரியம்மா, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு அப்படித்தான் என்றார். சாம், கீழ்வீட்டில் சுரூபம் இருந்தால் மேல்வீட்டில் இப்படித்தான் என்றான். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஒருநாள் என் மகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வரவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினொரு மாதம் அவளுக்கு. பாயில் இருத்தியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அந்தச் சுவரை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டிருக்கிறாள். தூக்கு என்று கேட்கிற மாதிரி. தெரிந்தவர்களிடம் மட்டும்தான் அவள் அப்படிக் கை நீட்டுவாள். நான் எழும்பி அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போய்விட்டேன். ஜெசிந்தாவும் பார்த்தாள்.

அதற்கடுத்த கிழமை பெரியம்மா எனக்கு ஒரு பழைய செபப் புத்தகம் தந்தார். தன் தாயின் புத்தகம், கறுப்பு மட்டை. சொற்கள் படிக்கிறேன் என்று கேட்டிருந்தேன். 155 பஸ்ஸில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் இரண்டு நாள் புரட்டினேன். பாதி விளங்கவில்லை. இப்போதைய கத்தோலிக்கர் சொல்லாத சொற்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தப் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் என்னைச் சந்தேகிப்பதற்கு இருக்கும் ஒரே காரணம் அதுதான்.

பிறகு அந்த வியாழக்கிழமை. அன்றும் மகள் என்னோடு. ஆரோனுக்குக் காய்ச்சல். ஜெசிந்தாவின் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, பார்மசிக்கு ஓடிட்டு வாறன். பத்து நிமிசம். பெரியம்மாட்ட விட்டா சாம் சண்டை பிடிப்பார். நீங்க எண்டா ரெண்டு பேருக்கும் ஓகே."

பிள்ளையை வாங்கினேன். என் முதற்பிழை அது. இரண்டு பக்கமும் நம்புவது நம் மௌனத்தைத்தான், நம் கைகளை அல்ல. இரண்டு தரப்பும் எதற்காக அடித்துக்கொள்கின்றனவோ அதை நாம் கையில் வாங்கக்கூடாது. ஆனால் வாங்காமல் இருந்திருந்தால், காய்ச்சல்காரப் பிள்ளையோடு அவள் வெயிலில் நடந்திருப்பாள். இன்றைக்குக் கேட்டாலும் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டையும் சொல்லிவிட்டேன், நீங்களே யோசியுங்கள்.

ஆரோன் போத்தலில் பால் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு இருமல். பிறகு சத்தம் இல்லை. குனிந்து பார்த்தால் வாய் திறந்திருக்கிறது, நெஞ்சு அசையவில்லை, உதடு நாவற்பழ நிறம். முன்னங்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். தட்டும்போது என் மகளைப் பார்த்தேன். நான் பதறினால் அழுகிற பிள்ளை. அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாள்.

பால் வந்தது. மூச்சு வந்தது. தலை, காது, கழுத்து எல்லாம் புளித்த பால். ஜக்கில் இருந்த தண்ணீரைக் கோப்பையில் மொண்டு, பேசினுக்கு மேலே பிடித்து அவன் தலையில் ஊற்றினேன். அப்போதுதான் அழுதான்.

என் கைகள் செய்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாய் என்ன செய்தது என்பது அவ்வளவு தெளிவில்லை. "முருகா" என்றது ஞாபகம். "ஒண்டுமில்லையடா, உன்னைக் கழுவி விடுறன்" என்றதும் ஞாபகம். மற்றது இல்லை.

திரும்பினால் வாசலில் சாம். ஹெல்மெட் கையில். எப்போது படியேறி வந்தான் என்று தெரியாது.

"மிஸ்" என்றான். "இஸ்பிரீத்து சாந்துன்னா என்ன?"

"பரிசுத்த ஆவிக்கு கத்தோலிக்கர் முந்திச் சொன்ன பேர்" என்றேன். எங்கேயோ கேட்டிருக்கிறான், இந்த நேரத்தில் ஏன் கேட்கிறான் என்று மட்டும் நினைத்தேன்.

அப்போது படியில் சத்தம். பெரியம்மா. முழங்கால் வருத்தத்தோடு, சண்டை தொடங்கிய நாளிலிருந்து ஏறாத படியில், சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். முற்றத்தில் ஜன்னலுக்குக் கீழே இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தவர். தோல் இன்னும் சீலையில் ஒட்டியிருந்தது. உள்ளே வந்து அப்படியே முழந்தாளிட்டார்.

"வடிவாச் சொன்னீர் பிள்ளை. ஒரு சொல்லும் பிசகேல்லை."

"என்ன சொன்னனான் அன்ரி?"

அவர் சொன்னார். பிதா, சுதன், அந்தப் பழைய மூன்றாவது பெயர், நாமத்தினாலே. கடைசியில், "நான் உன்னைக் கழுவுகிறேன்." அவருடைய தாயின் காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது சொன்ன வாக்கியம் அது. ஞானஸ்நானம் என்ற சொல்லே அதில் இல்லை. கழுவுகிறேன் என்றுதான் இருக்கும். சாகக்கிடக்கிற பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்றி அதைச் சொல்லலாம், சொல்கிறவர் சைவமாக இருந்தாலும் செல்லும் என்பது அவர்கள் சட்டம்.

"உங்களை நம்பினேன் மிஸ்" என்றான் சாம்.

அந்த நேரம் ஜெசிந்தா சிரப் போத்தலோடு வந்து சேர்ந்தாள். முழந்தாளில் பெரியம்மா, வாசலில் சாம், நனைந்த பிள்ளையோடு நான். அவள் என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

நான் உடனே சொன்னேன். "நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளைக்குப் புரையேறினது. கழுவி விடுறன் எண்டு சொன்னனான், அவ்வளவுதான். அன்ரிக்கு மாறிக் கேட்டிருக்கு."

"நான் பொய் சொல்லுறன் எண்டுறீரோ?"

"இல்லை அன்ரி. மழைச் சத்தத்தில..."

"மழை பெய்யேல்லை" என்றார்.

பெய்யவில்லைதான். ஜன்னலுக்கு வெளியே வெயில். எனக்கு ஏன் மழை ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.

ஆனாலும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான் மறுத்துவிட்டேன், இணக்கம் நிற்கிறது, சாமுக்குப் போகக் காரணம் இல்லை. பெரியம்மா படியிறங்கினார். சாம் ஆறுதல் அடைவான் என்று பார்த்தேன். அவன் என்னை முன்னிலும் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பஸ்ஸில் பாதி வழி வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. சாம் அந்தச் சொல்லைக் கேட்டது பெரியம்மா படியேறி வருமுன். அவருடைய வாயிலிருந்து அவன் அதைக் கேட்டிருக்க முடியாது. ஜெபக்கூடத்தில் வளர்ந்தவனுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? அவர் முற்றத்தில் நின்று கேட்டார். இவன் வாசலில் நின்று கேட்டான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் ஒரே விஷயத்துக்குச் சாட்சி. அதைப் பொய்யாக்கியவள் நான். பெரியம்மாவை அவர் வளர்த்த பிள்ளையின் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன். நான் பொய் சொல்கிறேன் என்று சாமுக்குத் தெரியும். இரண்டு பேரும் இனி என்னை எதற்கு நம்புவார்கள்?

வீட்டில் கணவர் சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் கேட்டார்.

"நீர் சொன்னீரோ, இல்லையோ?"

"தெரியாது."

"அப்ப அதைத்தானே சொல்லியிருக்கவேணும்" என்றுவிட்டுச் சொதியை எடுத்தார்.

அவர் கணக்காளர். ஆனால் இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஆகச் சரியான வசனம் அதுதான். நெருக்கடியில் நம்மிடம் எல்லோரும் கேட்பது நிச்சயத்தை. ஆம் என்றாலும் கொடுக்கலாம், இல்லை என்றாலும் கொடுக்கலாம், அந்த நேரத்துக்கு இரண்டும் வேலை செய்யும். தெரியாது என்பது மட்டும் வேலை செய்யாத மாதிரி இருக்கும். அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலையிலேயே போனேன். படியடியில் ஒரு பயணப்பை. பிள்ளையின் உடுப்பு என்று வெளியே தெரிந்தது. சாம் பக்கத்தில் நின்றான். பெரியம்மா கீழ்ப்படியில் இருந்தார். மேலே வாசலில் ஜெசிந்தா, பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி.

நின்றபடியே சொன்னேன். "நேற்று நான் இல்லையெண்டது பிழை. கழுவி விடுறன் எண்டு சொன்னது ஞாபகம். மற்றதைச் சொன்னனானோ எண்டு எனக்குத் தெரியாது. அன்ரியின்ர புத்தகம் நான் வாசிச்சனான். வாயில வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அன்ரி பொய் சொல்லேல்லை."

சாம் பையை எடுப்பான் என்று நினைத்தேன். அவன் எடுக்கவில்லை. பெரியம்மா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்து அல்ல, அவனை.

"நீர் என்ன கேட்டனீர்?"

அவன் கொஞ்சம் திகைத்தான். "பொம்பிளைக் குரல்" என்றான். "மெதுவா. அவசரமே இல்லாம."

"ஓம்" என்றார் பெரியம்மா. "அவசரமில்லை. நான் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

நான் அந்த நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மெதுவாக எதையும் சொல்லக்கூடிய நிலையில் நான் இருக்கவில்லை.

"மிஸ்ஸோட குரல்னுதான் அப்போ நினைச்சேன்" என்றான் சாம். "எங்க சபையில சத்தியம் பண்ணக்கூடாது, அதனால பண்ணல. ஆனா கேட்டேன் அன்ரி."

"நானும் அப்ப அப்பிடித்தான் நினைச்சனான்."

இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பெரியம்மா படியில் கொஞ்சம் தள்ளி இருந்தார். சாம் அவருக்குப் பக்கத்தில் இருந்தான். இரண்டு பேரும் கேட்டதைச் சொல் சொல்லாக ஒப்பிட்டார்கள். அவர் சொல்வார், இவன் திருப்பிச் சொல்வான். என் விதியை நான் சொல்லாமலே செய்தார்கள்.

அன்று பின்னேரம் பெரியம்மா தன் கோயில் ஃபாதரிடம் போனார். ஊற்றியவர் அந்த எண்ணத்தோடு ஊற்றாவிட்டால் அது ஞானஸ்நானம் இல்லை, அவர் என்ன நினைத்து ஊற்றினார் என்று கேளுங்கள் என்றாராம். சாம் தகப்பனுக்கு ஃபோன் எடுத்தான். பச்சைக் குழந்தைக்கு விசுவாசம் இல்லை, யார் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்றாராம். பிறகு, அந்தக் குரல் விஷயம் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னாராம்.

ஆக, எல்லாம் என் எண்ணத்தில் வந்து நின்றது. அடுத்த சந்திப்பில் கேட்டார்கள்.

"மூச்சு வரவேணும் எண்டு மட்டும்தான் நினைச்சனான்" என்றேன். "இதைச் சொன்னா மூச்சு வரும் எண்டு ஆரும் சொல்லியிருந்தா, எதையும் சொல்லியிருப்பன்."

"அது எண்ணம்தானே" என்றார் பெரியம்மா.

"அது எண்ணம் இல்லை அன்ரி, பயம்" என்றான் சாம்.

"பயத்திலதான் நாங்கள் எல்லாரும் செபிக்கிறம், தம்பி. நீங்கள் சத்தம் போட்டு, நாங்கள் சத்தம் போடாம."

சாம் சிரித்துவிட்டான். இன்னும் படியடியில் கிடந்த பையை அவனே மேலே தூக்கிக்கொண்டு போனான். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

நான் வீட்டுக்கு வந்து ஒரு சோதனை செய்தேன். செய்யாமல் விட்டிருக்கலாம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெரியம்மா சொன்ன வாக்கியத்தை மெதுவாக, அவசரமில்லாமல் சொல்லிப்பார்த்தேன். மூன்றாவது பெயரில் நாக்குத் தடக்கியது. திரும்பச் சொன்னேன், திரும்பத் தடக்கியது. பத்து நாள் அப்படிச் சொல்லிப்பார்த்தேன், ஒவ்வொரு நாளும் தடக்கியது.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர்கள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். மூன்று பேரும் பிள்ளையும், ஒரு பட்டர் கேக்கும். பெரியம்மாவும் சாமும் ஒரே ஆட்டோவில் வந்திறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. தேத்தண்ணி கொடுத்தேன். என் மகள் தவழ்ந்து ஆரோனிடம் போனாள். பெரியம்மா ஆரோனை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைச் செய்யும்போது என்னைப் பார்க்கவில்லை.

"மிஸ் கோபப்படக்கூடாது" என்று சாம் தொடங்கினான். "நாங்க ரெண்டு பேரும் கதைச்சோம். அந்தப் பேப்பர்ல எழுதினபடியே நடப்போம். அதில ஒரு மாற்றமும் இல்லை. மிஸ் செஞ்சதுக்கு நன்றி. ஆனா இனி வீட்டுக்கு வரவேணாம்."

"ஒருக்கா நடந்தது போதும் பிள்ளை" என்றார் பெரியம்மா. "அது நல்லதோ கூடாததோ, எங்களுக்குத் தெரியாது. உம்மோட வந்தது எண்டு மட்டும் நினைக்கிறம்."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முதல் தீர்மானம் அது. எனக்கு எதிராக. சரி என்றேன். வேறென்ன சொல்வது? சில சமாதானங்கள் நம்மை வெளியே விட்டுக் கதவைச் சாத்தும்போதுதான் நிற்கும். அப்படி நடந்தால் கோபப்படாதீர்கள். நான் கோபப்படவில்லை என்று சொல்லமாட்டேன், இரண்டு நாள் பட்டேன்.

போகும்போது ஜெசிந்தா கேற்றடியில் பின்தங்கினாள். பெரியம்மாவும் சாமும் பிள்ளையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நீங்கதானே சொன்னது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாம் காலையில் வேலைக்குப் போய்விடுவான். பெரியம்மா கீழே. பின்னேரம் மூன்று மணிக்கு அந்த அறையில் பிள்ளையோடு இருக்கப்போவது இவள் மட்டும். போவதற்கு வேறு வீடு இல்லை. அது நான் என்றால், நான் வெளியேறியாகிவிட்டது, எல்லாம் முடிந்தது. நான் இல்லையென்றால் அது இன்னும் மேலேதான் இருக்கிறது.

தெரியாது என்பதுதான் உண்மை. மேலே உங்களுக்கு அதைத்தான் சொன்னேன்.

"ஓம்" என்றேன். "நான்தான். நல்லா யோசிச்சுப் பாத்தனான். நான்தான் சொன்னது."

அவள் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றுவிட்டு, அவர்களைப் பிடிக்க விறுவிறு என்று நடந்தாள்.

சரியா பிழையா என்று எனக்கு இன்றும் தெரியாது. இந்தப் பக்கங்களை நீங்கள் வாசித்ததும் கிழித்துவிடுங்கள். கொட்டாஞ்சேனை இனி உங்கள் பகுதி. ஜெசிந்தா ஒருநாள் உங்களிடம் வந்து, அன்று பேசியது அந்த மிஸ்தானே என்று கேட்கலாம். அறிக்கையைப் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லாதீர்கள். யோசிக்கவும் நேரம் எடுக்காதீர்கள், அவள் முகத்தைப் பார்த்து உடனே ஆம் என்று சொல்லுங்கள். அவள் இன்னும் அந்த அறையில்தான் பிள்ளையை வளர்க்கிறாள்.